மேம்படுத்தலுக்குப் பின் மறையும் மெனு

லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மேம்படுத்திய பிறகு, சில கணினிகளில் விளங்கிக்கொள்ளக் கடினமான ஒரு நிலை தோன்றுகிறது. கணினி வழக்கம்போல் தொடங்குகிறது. கடவுச்சொல்லைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறது. பின்னணிப் படம் திரை முழுவதும் விரிகிறது. மவுசை நகர்த்தினால் அம்புக்குறியும் நகர்கிறது. ஆயினும் திரையின் விளிம்பில் இருந்த பட்டை இல்லை, அதன் மூலையில் இருந்த மெனு இல்லை, கணினியை அணைப்பதற்கான பொத்தான்கூட இல்லை. எழுதி வைத்த கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கின்றன, லிப்ரே ஆபீசும் ஃபயர்ஃபாக்சும் நிறுவப்பட்டபடியே இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கான வழி மட்டும் அகன்றுவிட்டது. மற்ற அனைத்தும் நலமாக இருக்கும்போது மெனு மட்டும் எவ்வாறு மறையும் என்ற கேள்விக்கு விடை தேடினால், லினக்ஸ் மேசைத்தளம் எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பதே தெளிவாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், 2007ஆம் ஆண்டளவில் சூசி லினக்சைத் தன் அலுவலகங்களில் கொண்டுவந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தமையால், மயிலாடுதுறை மாவட்டத்தில் காவிரியின் தென்கரையில் உள்ள குத்தாலம் போன்ற ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள நெல்வயல் கிராமங்களிலும், அரசுப் பள்ளி மாணவர்கள் வழியாக லினக்ஸ் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நிபுணர் ஒருவரும் அருகில் இல்லாத அத்தகைய வீட்டில் மெனு மறைந்தால், பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை வட்டை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதுதான். அந்த ஆலோசனை ஏன் தவறானது என்பதையும், பழுது இருக்கும் இடத்தை அறிவியல் முறையில் எவ்வாறு கண்டறியலாம் என்பதையும் சாதாரணப் பயனரும் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது, லினக்சில் மெனு என்பது வட்டில் ஓர் இடத்தில் சேமித்து வைக்கப்பட்ட பொருள் அன்று என்பதாகும். பயனர் உள்நுழையும் ஒவ்வொரு முறையும், பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படித்து, ஒரு நிரல் அதை அப்போதைக்கு அப்போது கட்டுகிறது. ஆகவே மெனு 'அழிந்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. இந்த முறை அது கட்டப்படவில்லை என்பதே சரியான கூற்று. கட்டுமானம் எந்தப் படியில் நின்றது என்று கேட்கத் தொடங்கினால், பழுதைத் தேட வேண்டிய பரப்பு உடனே சுருங்கிவிடுகிறது.

அந்தப் படிகள் பல அடுக்குகளாக அமைந்தவை. அடியில் இருப்பது கர்னல் எனப்படும் கருநிரல். வட்டு, நினைவகம், விசைப்பலகை முதலிய வன்பொருள்களை ஆளும் இதை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதன்மேல் திரையில் வரைவதைக் கவனிக்கும் காட்சி வழங்கி இயங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1984இல் பிறந்த எக்ஸ் நெடுங்காலம் இந்தப் பணியைச் செய்தது, 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் இப்போது அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. அதற்கும் மேலே, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவு நிரல், உள்நுழைந்த பயனருக்கு வேண்டிய நிரல்களை வரிசையாகத் தொடங்கிவைக்கும் அமர்வு மேலாளர், சாளரங்களுக்குச் சட்டமிட்டு நகர்த்தும் சாளர மேலாளர், பட்டையையும் மெனுவையும் வரையும் பலகம் ஆகியவை தனித்தனியே உள்ளன. சில மேசைத்தளங்களில் பின்னணிப் படத்தை வரையும் நிரல் ஒன்றாகவும் பலகத்தை வரையும் நிரல் வேறாகவும் இருப்பதால்தான், படம் விரிந்தும் பலகம் தோன்றாமற்போவது நேர்கிறது.

இந்த அடுக்குகளை ஒரே நிறுவனம் உருவாக்கவில்லை என்பது இங்கு மிக முக்கியம். 1996இல் தொடங்கிய கேடிஇ, 1997இல் தொடங்கிய க்னோம் ஆகிய மேசைத்தளத் திட்டங்களுக்கும் கருநிரல் குழுவுக்கும் நிருவாகத் தொடர்பு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி, தனி முன்னுரிமை. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. கருநிரல் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றாக வருகிறது. டெபியன், உபுண்டு, பாஸ் போன்ற வழங்கல்கள் இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தும்படி சோதித்து, பொதி எனப்படும் பேக்கேஜ்களாகக் கட்டித் தருகின்றன. மேம்படுத்தல் என்பது இத்தகைய பொதிகளில் ஆயிரக்கணக்கானவற்றை ஒரே மூச்சில் மாற்றும் செயல். அவ்வளவு பெரிய மாற்றம் பெரும்பாலான கணினிகளில் சிக்கலின்றி முடிகிறது என்பதே உண்மையில் வியப்புக்குரியது.

இனி மெனுவின் உள்ளமைப்பைக் காணலாம். க்னோமும் கேடிஇயும் தனித்தனிப் போக்கில் வளர்ந்தமையால், ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றின் மெனுவில் இடம்பெறாத சிக்கல் தொடக்கத்தில் இருந்தது. அதைத் தீர்க்க, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் கீழ்ப் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, மெனுவில் இடம்பெற வேண்டிய ஒவ்வொரு நிரலும் டெஸ்க்டாப் கோப்பு எனப்படும் ஒரு சிறிய உரைக்கோப்பைக் கணினியின் பொதுப் பகுதியில் வைக்கிறது. யாரும் திறந்து படிக்கக்கூடிய அந்தக் கோப்பில் நிரலின் பெயர், சொடுக்கினால் இயக்க வேண்டிய கட்டளை, காட்ட வேண்டிய சின்னம், அலுவலகம் அல்லது கல்வி அல்லது விளையாட்டு என நிரல் சேர வேண்டிய வகை ஆகியவை வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்புப் பெயர்களும் அங்கேயே வரிசையாக நிற்கும். கணினியின் மொழி தமிழ் என்று அமைக்கப்பட்டிருந்தால், தமிழுக்குரிய குறியீடு கொண்ட வரியை மெனு நிரல் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இவற்றைத் தவிர, எந்தெந்த வகைகள் எந்தத் தலைப்பின் கீழ் வரவேண்டும் என்று கூறும் மெனுக் கோப்பு ஒன்றும் உண்டு.

இந்த விதிகளில் மேம்படுத்தலின்போது தொல்லை தரக்கூடிய ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே பெயருடைய டெஸ்க்டாப் கோப்பு பொதுப் பகுதியிலும் பயனரின் வீட்டுக் கோப்புறையிலும் இருந்தால், பயனருடையதே செல்லும். பயனரின் விருப்பத்துக்கு முதலிடம் தரும் நல்ல விதிதான் இது. ஆனால் மெனுவில் ஒரு பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன் திருத்தியவரின் வீட்டுக் கோப்புறையில், அந்தத் திருத்தத்தின்போது உருவான பழைய படி ஒன்று யாருக்கும் தெரியாமல் தங்கியிருக்கும். மேம்படுத்தலில் அந்த நிரல் வேறு பெயருக்கோ இடத்துக்கோ மாறி, பொதுப் பகுதியில் சரியான புதிய கோப்பு வந்திருந்தாலும், பழைய படி அதை மறைத்துக்கொண்டு, இப்போது இல்லாத ஒரு கட்டளையைச் சுட்டிக்கொண்டிருக்கும். 'இந்த நிரல் கணினியில் இருந்தால் மட்டும் காட்டுக' என்று கூறும் வரியும் அந்தப் படியில் இருந்துவிட்டால், அந்த நிரல் மெனுவில் தோன்றவே தோன்றாது. நிரல் நலமாக இருக்கிறது, அதன் கோப்பும் நலமாக இருக்கிறது, காணக் கிடைப்பதுதான் இல்லை.

இதே முரண்பாடு இன்னும் பெரிய அளவில் பலகத்திலும் நிகழ்கிறது. லினக்ஸ் கணினியில் உள்ளவற்றை இரு பெரும் கிடங்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நிரல்களும் அவற்றின் பொது அமைப்புகளும் ஒன்றில் உள்ளன. இது கணினிக்கு உரியது, மேம்படுத்தல் இதை முழுமையாகப் புதுப்பிக்கிறது. பயனரின் ஆவணங்களும் அவர் செய்துகொண்ட தனி அமைப்புகளும் வீட்டுக் கோப்புறையாகிய மற்றொன்றில் உள்ளன. மேம்படுத்தல் இதில் கை வைப்பதில்லை. பயனருடையதைப் பயனர் கேட்காமல் மாற்றலாகாது என்ற இந்த நெறி யூனிக்ஸ் மரபின் மிகச் சிறந்த நெறிகளுள் ஒன்று. ஒரு கட்டுரையும் ஒரு படமும் இழக்கப்படாமல் இயங்குதளம் முழுவதையும் மாற்ற முடிவது இதனால்தான். ஆனால் இதன் விளைவாக, இன்று நிறுவப்பட்ட புதிய பலக நிரல், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பலக நிரல் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துச் செயல்பட வேண்டியதாகிறது. பழைய குறிப்பு, புதிய பதிப்பில் நீக்கப்பட்ட ஓர் உறுப்பைக் கேட்டால், பலகம் அந்த உறுப்பை மட்டும் விட்டுவிடலாம், அல்லது தானே நின்றுபோகலாம், இரண்டும் நடப்பதுண்டு.

ஆகவே, 'மெனு இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. பட்டையே இல்லையென்றால் பலக நிரல் தொடங்கவில்லை அல்லது தொடங்கி விழுந்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டையும் மெனுப் பொத்தானும் இருந்து, சொடுக்கினால் வெறுமையாகத் திறந்தால், பலகம் நலமாக உள்ளது, மெனுக் கோப்பையோ டெஸ்க்டாப் கோப்புகளையோ அதனால் கண்டுகொள்ள முடியவில்லை என்று பொருள். மெனு நிறைந்திருந்து ஒரே ஒரு நிரல் மட்டும் காணவில்லையென்றால், மேற்கூறிய மறைக்கும் படியைத் தேடலாம். இவை எவற்றிலும் சேராத இன்னொரு நிலையும் உண்டு: எதுவும் பழுதாகவில்லை, மெனு வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் மேசைத்தள வரலாற்றில் மிகுதியான பயனர்களைத் திகைக்கவைத்தது இந்தக் கடைசி நிலைதான்.

2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3, அதற்கு முந்தைய க்னோம் 2இல் திரையின் மேல் இடது மூலையில் இருந்த பயன்பாடுகள், இடங்கள், கணினி என்ற மூன்று மெனுக்களையும் கைவிட்டது. நிரலின் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடுவதும், சின்னங்களை முழுத்திரையில் விரித்துக் காட்டுவதும் அவற்றின் இடத்துக்கு வந்தன. அதே மாதத்தில் உபுண்டு 11.04 தானே உருவாக்கிய யூனிட்டி என்னும் இடைமுகத்தை இயல்பாக்கியது. அதில் நிரல்களின் கோப்பு, திருத்து முதலிய மெனுக்கள் அந்தந்தச் சாளரத்தை விட்டு நீங்கித் திரையின் உச்சிக்கு இடம்பெயர்ந்தன, அதுவும் சுட்டியை அங்கே கொண்டுசென்றால்தான் தெரிந்தன. எச்சரிக்கையோடு மாற்றங்களை ஏற்கும் டெபியன், 2011 பிப்ரவரியில் வந்த 6ஆம் பதிப்பில் க்னோம் 2ஐ வைத்திருந்து, 2013 மே மாதத்தில் வந்த 7ஆம் பதிப்பில் க்னோம் 3க்கு மாறியது. டெபியனைத் தழுவிய வழங்கல்களும், பாஸ் உட்பட, அடிப்படை மாறியபோது இந்த மாற்றத்தை எதிர்கொள்ள நேர்ந்தது. பழைய மெனுவின் இருப்பிடத்தை மனப்பாடமாகக் கற்றுத்தந்த கணினிப் பாடங்களும் செய்முறைக் குறிப்பேடுகளும் ஒரே மேம்படுத்தலில் பொருளற்றுப் போயின.

இதற்கு எழுந்த எதிர்ப்பு சிறியதன்று. க்னோம் 2இன் மூலநிரலை அப்படியே எடுத்து வளர்க்கும் மாத்தே திட்டம் 2011இலேயே தொடங்கியது. லினக்ஸ் மின்ட் குழுவினர் பழைய வகை மெனுவைக் கொண்ட சினமன் மேசைத்தளத்தை உருவாக்கினர். க்னோம் குழுவினரே 2013 மார்ச்சில் வந்த 3.8 பதிப்பில் மரபு அமர்வு ஒன்றைச் சேர்த்தனர். மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளில், கைவிடப்பட்ட ஒரு மெனுவைக்கூடப் பயனர்கள் மீட்டெடுத்து வாழவைக்க முடியும் என்பதற்கு இவை உயிருள்ள சான்றுகள். புதிரை விடுவிப்பவருக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் பயன், கடவுச்சொல் கேட்கும் திரையில் உள்ள சிறு பற்சக்கரச் சின்னத்தை முதலில் சொடுக்கிப் பார்ப்பதாகும். நிறுவப்பட்டுள்ள அமர்வுகளின் பெயர்கள் அங்கே வரிசையாகத் தெரியும், தேடும் மெனு அவற்றுள் ஒன்றில் இருக்கக்கூடும்.

அண்மைக் காலத்தில் இதே சிக்கல் வேறு வழியில் வந்தது. க்னோம் 3க்குப் பிறகு, பழைய வகை மெனுவை விரும்பியவர்கள் ஆர்க்மெனு போன்ற நீட்சிகளைச் சேர்த்துக்கொண்டனர். நீட்சி என்பது தனியே இயங்கும் நிரல் அன்று. க்னோமின் ஷெல் எனப்படும் முகப்பு நிரலுக்குள்ளேயே புகுந்து அதன் நடத்தையை மாற்றும் நிரல்துண்டு. எனவே ஷெல்லின் உள்ளமைப்பு மாறினால் நீட்சியும் மாறியாக வேண்டும். தான் எந்தெந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொரு நீட்சியும் ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது, பொருந்தாததை ஷெல் ஏற்க மறுக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நீட்சிகளை ஏற்றும் முறையையே மாற்றியமையால், அதற்கு முந்தைய நீட்சி ஒவ்வொன்றும் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. உபுண்டு 22.04இல் இருந்தது க்னோம் 42, 2024 ஏப்ரலில் வந்த 24.04இல் இருப்பது க்னோம் 46. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே தாவியவர்களின் பழைய நீட்சிகள் ஒரே நாளில் செயலிழந்தன. 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇயின் பிளாஸ்மா 6லும் வெளியார் எழுதிய பழைய பலகச் சிற்றுறுப்புகளுக்கு இதே கதி நேர்ந்தது. இத்தகைய கணினிகளில் வழங்கலின் இயல்பான முகப்பு நலமாகவே இருக்கும்; பயனர் தாமே சேர்த்துக்கொண்ட மெனு மட்டுமே நீங்கியிருக்கும்.

இவ்வளவு காரணங்கள் சாத்தியமாக இருக்கையில், ஒரு குறிப்பிட்ட கணினியில் எது உண்மை என்று அறிவது எவ்வாறு? காரணங்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பதைவிட, அடுக்குகளை இரண்டாகப் பிளக்கும் சோதனைகளைச் செய்வது விரைவானது. முதற் சோதனைக்கு மெனுவே தேவையில்லை. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்தியபடி எஃப்3 விசையைத் தட்டினால், கருநிரல் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கும் எழுத்துத் திரை ஒன்று தோன்றும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழைய முடிந்தால், கருநிரலும் வட்டும் பயனர் கணக்கும் நலமாக உள்ளன என்று மெய்ப்பிக்கப்பட்டுவிடுகிறது. பழுது பெரும்பாலும் வரைகலை அடுக்குகளுக்குள் இருக்கிறது. எஃப்1, எஃப்2, பழைய பதிப்புகளில் எஃப்7 ஆகியவற்றுள் ஒன்றை அதே முறையில் தட்டினால் பழைய திரைக்குத் திரும்பலாம்.

எழுத்துத் திரையில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இரண்டு. வட்டில் இடம் இருக்கிறதா என்பது ஒன்று. மேம்படுத்தல் ஆயிரக்கணக்கான பொதிகளை இறக்குவதால் வட்டு நிரம்பிவிடுவதுண்டு. லினக்சில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமையோ, கொள்ளளவில் 5 விழுக்காட்டை நிருவாகியின் நிரல்களுக்கென இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது. அந்த ஒதுக்கீட்டால் கணினி தடையின்றித் தொடங்குகிறது, கடவுச்சொல்லும் கேட்கிறது. ஆனால் சாதாரணப் பயனரின் அமர்வு தனக்கு வேண்டிய ஒரு சிறு கோப்பைக்கூட எழுத முடியாமல் நின்றுவிடுகிறது. பாதி நலமும் பாதி பழுதுமாகத் தோன்றும் விந்தைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை. மற்றொன்று உரிமை. வரைகலை நிரல்களை நிருவாகி உரிமையுடன் இயக்கும் பழக்கம் உள்ள கணினிகளில், வீட்டுக் கோப்புறையின் சில மறைகோப்புகள் நிருவாகியின் பெயருக்கு மாறிப்போய், சொந்தக்காரரே அவற்றில் எழுத முடியாத நிலை ஏற்பட்டிருக்கும்.

இவை இரண்டும் சரியாக இருப்பின், அடுத்துச் செய்ய வேண்டியது புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் உள்நுழைந்து பார்ப்பதாகும். இந்தச் சோதனையின் ஆற்றலைக் காவிரிப் படுகையின் உழவர்கள் எளிதில் உணர்வார்கள். குறுவைக்கு மேட்டூர் திறந்தும் ஒரு வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், மேட்டூர், கல்லணை, ஆறு, வாய்க்கால், மடை என எங்கு வேண்டுமானாலும் தடை இருக்கலாம். ஆயினும் அதே வாய்க்காலில் பாயும் அடுத்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று கண்டால், அணையிலிருந்து வாய்க்கால் வரை அத்தனையையும் ஒரே பார்வையில் விலக்கிவிட்டுத் தன் வயலின் மடையை மட்டும் பார்த்தால் போதும். புதிய பயனருக்கும் பழைய பயனருக்கும் கருநிரல் ஒன்றே, காட்சி வழங்கி ஒன்றே, பலக நிரல் ஒன்றே; வேறுபடுவது வீட்டுக் கோப்புறை மட்டுமே. ஆகவே புதிய கணக்கில் மெனு தோன்றினால், பழைய கணக்கின் தனி அமைப்புகளில் பழுது இருக்கிறது. அங்கும் தோன்றாவிட்டால், பழுது பொதுப் பகுதியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்து ஒப்பிடும் இந்த முறைதான் ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை எனப்படுகிறது.

எனினும் இதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒவ்வொரு பயனரும் கடைசியாகத் தேர்ந்தெடுத்த அமர்வின் பெயரை உள்நுழைவு நிரல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு வீட்டுக் கோப்புறையில் இல்லாமல் பொதுப் பகுதியில் இருக்கிறது. யூனிட்டி அமர்வைப் பயன்படுத்திவந்த ஒருவர், 2017 அக்டோபரில் வந்த 17.10இல் உபுண்டு க்னோமுக்குத் திரும்பிய பிறகு மேம்படுத்தியிருந்தால், புதிய கணக்கு க்னோமிலும் அவருடைய பழைய கணக்கு யூனிட்டியின் எச்சத்திலும் திறந்திருக்கக்கூடும். அப்போது வீட்டுக் கோப்புறைதான் காரணம் என்ற முடிவு தவறாகிவிடும். இரு கணக்குகளிலும் ஒரே அமர்வைத் தேர்ந்தெடுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பழுது பொதுப் பகுதியில் என்று தெரியும்போது, மேம்படுத்தலின் பதிவேடுகள் பெருந்துணையாகின்றன. டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த வழங்கல்கள், எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தப் பொதி சேர்க்கப்பட்டது, புதுப்பிக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்பதை உரைக்கோப்பாக எழுதி வைக்கின்றன. நீக்கப்பட்டவற்றின் வரிசையில் பலகத்தின் பெயரோ மேசைத்தளத்தின் பெயரோ இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. வெளிக் களஞ்சியங்களிலிருந்து நிறுவிய பொதிகள் புதிய பதிப்போடு முரண்படும்போது, முரணைத் தீர்க்க முயலும் பொதி மேலாளர் மேசைத்தளத்தின் தொகைப்பொதியையே அகற்றிவிடுவதுண்டு. தொகைப்பொதி என்பது தனக்குள் நிரல் எதுவும் இல்லாமல், மேசைத்தளத்துக்கு வேண்டிய மற்றப் பொதிகளின் பெயர்களை மட்டும் கொண்டது. அதை மறுபடி நிறுவுமாறு எழுத்துத் திரையில் ஒரு வரி எழுதினால், விடுபட்ட உறுப்புகள் தாமாகவே வந்து சேரும். வரைகலை அட்டையின் இயக்கி புதிய கருநிரலோடு பொருந்தாமற்போவதும் இந்தப் பகுதியில் நிகழக்கூடியதே. ஆனால் அப்போது மெனு மட்டுமன்றித் திரையின் பிறவும் கெட்டிருக்கும் என்பதால் அதைப் பிரித்தறிவது கடினமன்று.

நிரல்கள் எழுதும் பிழைக் குறிப்புகளைப் படிப்பதிலும் ஒரு முறை வேண்டும். ஓர் அமர்வு தொடங்கும்போது நலமான கணினியிலும் பல எச்சரிக்கை வரிகள் பதிவாகின்றன. முதன்முறை பார்ப்பவர் அவை எல்லாவற்றையும் நோயின் அறிகுறியாகக் கருதிவிடுவார். புதிய கணக்கின் பதிவையும் பழைய கணக்கின் பதிவையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, பழையதில் மட்டும் இருப்பவற்றுள் நேரத்தால் முந்தியதைப் பார்க்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

பழுது தனி அமைப்புகளில் என்று தெளிந்தால், வீட்டுக் கோப்புறையின் மறைகோப்புறைகள் அனைத்தையும் அழித்துவிடுமாறு கூறும் அறிவுரை அடிக்கடி கேட்கப்படுகிறது. அது ஃபார்மட் செய்வதன் சிறிய வடிவமே. மெனு திரும்பிவிடும், ஆனால் ஃபயர்ஃபாக்சில் சேமித்த பக்கக்குறிகளும், தண்டர்பேர்டில் இறக்கி வைத்த அஞ்சல்களும், தமிழ்99 விசைப்பலகைக்கான தேர்வும் அதே மறைகோப்புறைகளில்தான் இருக்கின்றன. அதைவிட, சான்று முழுவதும் அழிந்துவிடுவதால், மெனு ஏன் மறைந்தது என்பதை அதன்பின் ஒருவராலும் சொல்ல இயலாது. அடுத்த மேம்படுத்தலில் அதே பழுது மீண்டும் வரக்கூடும். அழிப்பதற்கு மாறாக, ஐயத்துக்குரிய ஒரு கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். அது இல்லாததைக் கண்ட நிரல் இயல்பான அமைப்புகளோடு புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும், பழையது அருகிலேயே காப்பாக இருக்கும்.

க்னோம் வகையில் அந்தக் கோப்பு டிகான்ஃப் எனப்படும் அமைப்புக் கிடங்காகும். வேகத்துக்காக இரும வடிவில் எழுதப்பட்ட அதை நேரே திறந்து படிக்க முடியாது. ஆகையால் பெயர் மாற்றுவதற்கு முன்பே, அதற்கென உள்ள கட்டளையால் உள்ளடக்கம் முழுவதையும் உரைக்கோப்பாகக் கொட்டி வைத்துக்கொள்வது நல்லது. அந்த உரையில், ஷெல் என்ற தலைப்பின் கீழ் இயக்கப்பட்ட நீட்சிகளின் பெயர்கள் ஒரு வரியாகவும், உள்ளீட்டு மூலங்கள் என்ற பொருளுடைய தலைப்பின் கீழ்த் தமிழ்99 விசைப்பலகை மற்றொரு வரியாகவும் காணப்படும். பின்னதை மட்டும் புதிய கிடங்கில் ஏற்றினால் தமிழில் தட்டச்சிடுவது உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். முன்னதில் உள்ள நீட்சிகளை, புதிய பதிப்புக்குத் திருத்தப்பட்டனவா என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்நுழைந்து வந்தால், எதைச் சேர்த்தபோது மெனு மறைகிறதோ அந்த நீட்சியின் பெயரோடும் பதிப்பு எண்ணோடும் அதன் ஆசிரியருக்கு எழுத முடியும்.